சனி ஞாயிறு இரண்டே நாள், மொராக்கோ போய் வரலாமா அக்கா?

மலகாவில் முதுகலை படிக்க வந்து மூன்று மாதம் ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறாள்: "கூடப் படிப்பவர்கள் அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு மொராக்கோ போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். நான் சைவம். அரபி தெரியாது. ஊரில் அம்மா ரொம்பப் பயப்படுகிறார். இரண்டு நாளில் என்ன பார்த்துவிட முடியும்? போகலாமா அக்கா?"

போய் வாம்மா. நான் தெற்கு ஸ்பெயினுக்கு வந்து 15 வருஷம் ஆகிறது. ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே இருக்கும் ஜிப்ரால்டர் நீரிணையை எத்தனை தடவை கடந்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. குறுகலான இடத்தில் அது வெறும் 14 கிலோமீட்டர். வானம் தெளிவாக இருந்தால் ஸ்பெயினின் தென்முனை ஊரான டாரிஃபா கரையில் நின்றே அந்தப் பக்கத்து மலைகளைப் பார்க்கலாம். ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காகித விஷயம். உன் ஐரோப்பியத் தோழிகளுக்கு இது தெரியாது, அவர்களுக்குத் தேவையும் இல்லை.

அவர்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறிவிடுவார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மொராக்கோ விசா வேண்டும். 2022-லிருந்து இணையத்திலேயே இ-விசா எடுக்க முடிகிறது, தூதரகத்துக்கு அலைய வேண்டாம். ஆனாலும் கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதே. ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது விசா) இருந்தால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்த நம்மூர்ப் பையன் ஒருவனைத் துறைமுகத்தில் என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார்கள். நண்பர்கள் ஏறிப் போய்விட்டார்கள். அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு கப்பல் கிளம்புவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதைவிட முக்கியமானது, திரும்பி வருவது. உன் மாணவர் விசா ஒருமுறை நுழைவுக்கானதா என்று பார். வெளிநாட்டவர் அடையாள அட்டை, இங்கே எல்லோரும் 'டீயே' என்கிற அட்டை, கைக்கு வந்துவிட்டதா? அது வராமல் ஸ்பெயினை விட்டு வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாமல் போகலாம். அட்டைக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும்போது அவசியம் போக வேண்டியிருந்தால் 'ஆட்டோரிசாசியோன் தெ ரெக்ரேசோ' என்று திரும்பி வரும் அனுமதி ஒன்று தருகிறார்கள், 90 நாள் செல்லும். ஒரு வார இறுதிக்காக அந்த அலைச்சல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அட்டை வரட்டும், பிறகு போ.

இப்போது அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். உன்னோடு வருகிறவர்களுக்கு அந்த ஊர் முழுக்கப் புதுசாக இருக்கும். உனக்கு அப்படி இருக்காது. வாசலில் செருப்பைக் கழற்றுவது, கையால் சாப்பிடுவது, விலை பேசி வாங்குவது, முன்பின் தெரியாதவரை உறவு சொல்லிக் கூப்பிடுவது, இதெல்லாம் உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே கடைக்காரர் உன்னை 'ஹ்தி' என்பார், என் சகோதரி என்று அர்த்தம். வயதான அம்மாவை 'ஹால்தி' என்று கூப்பிடலாம், நம் பெரியம்மா, சித்தி மாதிரி, தாய்வழி உறவுச் சொல். அதைச் சொன்னதும் அந்த முகங்கள் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அரபி தெரியாதே என்று கவலைப்படாதே. வடக்கு மொராக்கோவின் பெரும்பகுதி 1912-லிருந்து 1956 வரை ஸ்பெயினின் ஆளுகையில் இருந்தது. உன் அரைகுறை ஸ்பானிஷ் அங்கே நன்றாகவே செல்லும்.

ஆனால் இந்த நெருக்கமே ஒரு இடத்தில் தவறு செய்ய வைக்கும். என் முதல் பயணத்தில் அதுதான் நடந்தது. நீரிணைக்கு அந்தக் கரையில் இருக்கும் துறைமுக ஊர் தாஞ்சியரில் நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டு அம்மா ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டார். நடுவில் ஒரே மண்சட்டி, கூம்பு மூடியைத் தூக்கினால் ஆவியோடு இஞ்சி மணமும் எலுமிச்சை ஊறுகாய் மணமும். தட்டு கிடையாது. ஆளுக்கு ஒரு துண்டு வட்ட ரொட்டி. கூட வந்த பெண்கள் கரண்டி தேடிக்கொண்டிருந்தபோது நான் இது நம்ம வீடுதானே என்ற தைரியத்தில் கையை நீட்டி, எதிர்ப்பக்கம் இருந்த உருளைக்கிழங்கை எடுக்கப் போனேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதே கிழங்கை ரொட்டி நுனியால் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். ஒரே சட்டியில் சாப்பிட்டாலும் அவரவர் முன்னால் இருக்கும் பங்கைத்தான் எடுக்க வேண்டும், நடுவில் இருப்பதை வீட்டுக்காரர்தான் பிரித்துத் தருவார். எனக்குத் தெரியும் என்று நினைத்ததில் பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டே "கூலி, கூலி" என்றார். நம் காதுக்கு அது வேறு வார்த்தை. அவர்கள் பேச்சில் ஒரு பெண்ணைப் பார்த்துச் 'சாப்பிடு' என்று சொல்வது. அதன் பிறகு ரொட்டியைப் பெருவிரலாலும் இரண்டு விரலாலும் பிடித்துக் குழம்பை அள்ளும் விதத்தைச் செய்து காட்டினார். வலது கை மட்டும்.

பள்ளிவாசல் விஷயமும் இப்படித்தான். நாகூர் தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் போய் வந்து பழகிய நாம், அங்கேயும் தலையை மூடிக்கொண்டு உள்ளே போகலாம் என்று நினைப்போம். மொராக்கோவில் முஸ்லிம் அல்லாதவர்கள் பொதுவாகப் பள்ளிவாசலுக்குள் போகக் கூடாது. காசாபிளாங்காவில் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் மாதிரி சிலவற்றில்தான் பார்வையாளர்களை விடுகிறார்கள். வாசலில் நின்று பார், அது போதும். மனிதர்களைப் படம் எடுக்கும் முன் கேள், முக்கியமாகப் பெண்களை.

பாதுகாப்பு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தெருவில் பின்னாலிருந்து ஏதாவது பேசுவார்கள், வழி காட்டுகிறேன் என்று கூடவே வருவார்கள், பிறகு பணம் கேட்பார்கள். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒரு தடவை சொல், நிற்காமல் நட. தோளும் முழங்காலும் மறைகிற தளர்வான உடை போதும், முக்காடு கட்டாயமில்லை. இருட்டிய பிறகு பழைய நகரத்துச் சந்துகளில் தனியாகச் சுற்றாதே. ஊருக்குள் ஓடும் சின்ன டாக்ஸியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், நான்கு பேர் போனால் இரண்டு வண்டி என்று வைத்துக்கொள்.

சாப்பாட்டில் கவனமாக இரு. காய்கறித் தாஜின் (அந்தக் கூம்பு மூடி மண்சட்டியில் வேகும் குழம்பு), கூஸ்கூஸ் (வேகவைத்த கோதுமை ரவை) என்று எழுதியிருக்கும், ஆனால் இறைச்சி வேகவைத்த சாறில் செய்திருப்பார்கள். 'ஹரீரா' சூப்பும் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்பானிஷில் "சின் கார்னே, சின் கால்தோ" என்று இரண்டையும் சேர்த்துக் கேள், கறியும் வேண்டாம், கறிச்சாறும் வேண்டாம் என்று. நம்பிச் சாப்பிட 'பிசாரா' இருக்கிறது: காய்ந்த ஃபாவா மொச்சையை மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகமும் போட்டுத் தருவார்கள். குளிர் காலைக்கு அதை மிஞ்சியது இல்லை. கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த 'ஸாலூக்' கிட்டத்தட்ட நம் கொத்சு. 'ம்ஸம்மன்' என்று சதுரமாக மடித்த அடுக்கு ரொட்டி, பரோட்டாவின் ஒன்றுவிட்ட தங்கை. புதினா டீயில் சர்க்கரை நிறைய இருக்கும், மறுக்காமல் ஒரு கிளாஸாவது குடி.

இரண்டு நாளில் என்ன பார்க்கலாம்? நண்பர்கள் தாஞ்சியர், தெதுவான், நீல நிற ஷெஃப்ஷாவன், நடுவில் ஒட்டகச் சவாரி என்று திட்டம் போட்டிருப்பார்கள். பஸ் ஜன்னலைத்தான் பார்ப்பாய். தாஞ்சியரிலிருந்து ஷெஃப்ஷாவன் போகவே இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நான் சொல்வது ஒரே ஊர், தாஞ்சியர் மட்டும். காஸ்பா என்கிற பழைய கோட்டை மேட்டுக்கு ஏறு, கடலைப் பார்த்தபடி உட்கார், சந்தைத் தெருவில் அதே கடைக்கு இரண்டு தடவை போ. இரண்டாவது தடவை அந்த ஆள் உன்னை அடையாளம் கண்டு பேசுவார். அதற்காகத்தான் போகச் சொல்கிறேன்.

பழைய நகரத்துக்குள், உலகம் சுற்றிய பயணி இப்னு பதூதாவினுடையது என்று சொல்லப்படும் ஒரு சின்னச் சமாதி இருக்கிறது, அதைத் தேடிப் போ. 1304-ல் அந்த ஊரில் பிறந்து, 1325-ல், 21 வயதில், கிளம்பியவர். உன் வயசுதான் இருக்கும். 1340-களில் நம் மதுரைக்கே வந்திருக்கிறார். அங்கே ஆண்ட சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் அக்கா தங்கை. ஊரில் கொள்ளை நோய் பரவியதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்த வாசலில் நின்றபோது, நம் ஊரை ஒருவர் இங்கிருந்து போய்ப் பார்த்திருக்கிறார், நான் பதிலுக்கு வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

பணம் திர்ஹாம், 1 யூரோவுக்கு 10-க்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். இங்கிருந்து மாற்றிக்கொண்டு போகாதே, அங்கே ஏடிஎம்மில் எடு, மீதியைக் கிளம்பும் முன் மாற்றிவிடு. ஐரோப்பிய ரோமிங் அங்கே கிடையாது, டாரிஃபா கரையிலேயே போன் மொராக்கோ டவரைப் பிடித்துவிடும். அதனால் ஏறும் முன்பே டேட்டாவை அணைத்துவிடு.

ஞாயிறு கடைசிக் கப்பலை நம்பாதே. 'லெவான்தே' என்ற கிழக்குக் காற்று பலமாக அடித்தால் டாரிஃபா கப்பல்களை ரத்து செய்துவிடுவார்கள். அப்போது 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் தாஞ்சியர் மெட் துறைமுகத்துக்குப் போய், ஸ்பெயினின் இன்னொரு துறைமுகமான அல்ஹெசிராஸுக்குப் போகும் கப்பலைப் பிடிக்க வேண்டும். திங்கள்கிழமை வகுப்பு இருந்தால் மத்தியானமே கிளம்பிவிடு.

அட்டை வந்துவிட்டதா என்று முதலில் எனக்கு எழுது. அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போட்டால் போதும்.