‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? – கேள்வி பதில்

ஆங்கில ‘ரன்’ பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று போன வாரம் சொன்னாலும் சொன்னேன், குவிந்துவிட்டது. கைக்கு வந்ததை எடுத்துக்கொள்கிறேன்.

சார், ‘ரன்’ என்றால் ஓடு. அகராதியில் அதற்கு இத்தனை பக்கம் எதற்கு?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியில் 2011-இல் எண்ணிப் பார்த்தபோது, வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள் தேறியது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதத்துக்கு மேல் இந்த ஒரே சொல்லோடு மல்லுக்கட்டினார். அதற்கு முன் ‘செட்’தான் ராஜா, 1989 பதிப்பில் அதற்கு 430 பொருள். ரயில், எஞ்சின், கம்ப்யூட்டர் எல்லாமே ‘ரன்’ ஆவதால் இது முந்திக்கொண்டது.

மிரள வேண்டாம். நம்ம ‘ஓடு’ மட்டும் லேசுப்பட்டதா? படம் நூறு நாள் ஓடுகிறது, ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, பரீட்சை ஹாலில் ஒன்றுமே ஓட மாட்டேன் என்கிறது. முதல் மூன்றுக்கும் தாராளமாக ‘ரன்’ போடலாம். கடைசிக்குப் போட்டால் யாருக்கும் புரியாது.

கடை ஓட்டுகிறார் என்பதற்கு ‘ரன்ஸ் எ ஷாப்’ சரி. கார் ஓட்டுகிறார் என்பதற்கு ‘ரன்ஸ் எ கார்’ ஏன் தப்பு?

இன்றைக்கு வந்ததில் இதுதான் நல்ல கேள்வி. நமக்கு ஓடு வேறு, ஓட்டு வேறு. தானாக நடந்தால் ஓடு. ஒருத்தர் நடத்தினால் ஓட்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ரன்’தான். அதனால் கடை, மெஸ், டியூஷன் சென்டர் எதுவானாலும் ‘ரன்’ பொருந்தும். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுவதற்கு ‘டிரைவ்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ‘ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்றால் கார் ஓட்டத் தெரியாது என்று அர்த்தமில்லை. பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் போட்டுக் கார் வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது என்று அர்த்தம். மொழிபெயர்க்க ஆரம்பித்த காலத்தில் நானும் இதில் வழுக்கி விழுந்தவன்தான்.

புது குர்தாவின் லேபிளில் ‘கலர்ஸ் மே ரன்’ என்று இருக்கிறது. ‘கலர் எங்கே ஓடும்?’ என்று அக்கா கேட்கிறாள்.

பக்கத்துத் துணிக்கு ஓடும்! அதைத் தனியாக ஊறவைக்கச் சொல்லுங்கள். சாயம் வெளுத்து மங்குவது ‘ஃபேட்’. சாயம் இறங்கி, கூட ஊறிய வெள்ளை வேட்டியை ரோஸ் கலர் ஆக்குவது ‘ரன்’.

அமெரிக்கத் தேர்தல் செய்தியில் ‘ரன்னிங் ஃபார் பிரசிடென்ட்’ என்கிறார்கள். நாம் ஏன் ‘நிற்கிறார்’ என்கிறோம்?

அமெரிக்காவில் தேர்தலில் ஓடுவார்கள். பிரிட்டனில் நம்மைப் போலவே நிற்பார்கள். அங்கே ‘ஸ்டாண்ட் ஃபார் பார்லிமென்ட்’ என்பதுதான் வழக்கம். ஓடினாலும் நின்றாலும் தமிழில் ‘போட்டியிடுகிறார்’ என்று எழுதிவிடுங்கள்.

‘ஐ ஹேவ் ரேன்’ சரியா?

தப்பு. ‘ஹேவ்’ வந்தால் மறுபடி ‘ரன்’தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன் ஐயா. ‘த ரன்ஸ்’ என்றால் என்ன?

உங்களுக்கு விளக்கவே வேண்டாம், நீங்கள் சொல்லும் வயிற்றோட்டமேதான்! தமிழ்நாட்டில் நாங்கள் வயிற்றுப்போக்கு, பேதி என்போம். ஓட்டம் அதில் காணாமல் போய்விட்டது. ஆங்கிலத்தில் இது பேச்சுவழக்கு, ‘த’ இல்லாமல் வராது. டாக்டரிடம் ‘டயரியா’ என்றே சொல்லலாம்.

பவுண்டரி அடித்தால் ஓடவே வேண்டாமே, அதற்கும் ஏன் நான்கு ‘ரன்’?

முதலில் நிஜமாகவே ஓடி எடுத்ததால் வந்த பெயர் அது. பிறகு அதுவே கணக்கின் அலகாகிவிட்டது. குதிரையே இல்லாத மோட்டாருக்கு ‘ஹார்ஸ்பவர்’ சொல்கிறோமே, அந்த மாதிரி.

லீவ் லெட்டரில் ‘ஐ ஆம் ரன்னிங் ஃபீவர்’ என்று எழுதினேன். மேனேஜர் சிரிக்கிறார்.

ஓர் ‘எ’ விட்டுப்போச்சு, அவ்வளவுதான். ‘ரன்னிங் எ ஃபீவர்’ என்று எழுதுங்கள். மூன்று நாளாக விடாமல் காய்ச்சல் என்றால் ‘ஃபார் த்ரீ டேஸ் ரன்னிங்’ என்றும் சேர்க்கலாம். ஆனால் ஒரே வரியில் இரண்டு ‘ரன்னிங்’ வேண்டாம். அவர் இன்னும் சிரிப்பார்.