ஹைட்ராலிக் அழுத்தம் வைத்த விதைப்பான்: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: பெரம்பலூர் பக்கம் கரிசல் காடு. சொந்தமாக 6 ஏக்கர், குத்தகைக்கு 12 ஏக்கர், எல்லாம் மக்காச்சோளம். 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. 4 வரிசை நியூமேட்டிக் பிளான்டர் (காற்றால் விதையை உறிஞ்சி ஒவ்வொன்றாகப் போடும் விதைப்பான்) வாங்கப் போனேன். ஸ்பிரிங் வைத்த மாடலைவிட 'ஹைட்ராலிக் டவுன் போர்ஸ்' (எண்ணெய் அழுத்தத்தால் வரிசையை மண்ணில் அழுத்தும் அமைப்பு) வைத்தது 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கூடுதல். அமெரிக்காவில் இதுதான், முளைப்பு ஒரே சீராக வரும் என்று வீடியோ காட்டுகிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: உங்கள் நிலைமைக்கு வேண்டாம். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

விதைப்பானில் ஒவ்வொரு வரிசைக்கும் மண்ணைக் கீறும் தட்டுகள் இருக்கும். பக்கத்திலேயே ஆழத்தை நிறுத்திப் பிடிக்கும் சக்கரம். நீங்கள் 4 செ.மீ. என்று வைத்தால், தட்டு 4 செ.மீ. இறங்கியதும் சக்கரம் தரையில் உட்கார்ந்து அதற்கு மேல் இறங்காமல் தாங்கிக்கொள்ளும். தட்டை அந்த ஆழம் வரை இறக்க ஒரு பாரம் வேண்டும். அதுதான் டவுன் போர்ஸ். பாரம் குறைந்தால் சக்கரம் தரையைத் தொடாமல் மிதக்கும், விதை 2 செ.மீ.யிலேயே தங்கிவிடும். பாரம் கூடினால் சக்கரம் மண்ணை மிதித்து இறுக்கும். கரிசலில் ஈரம் சற்றுத் தூக்கலாக இருக்கும்போது இப்படி ஆனால், சாலின் இரு பக்கச் சுவரும் பூசி மெழுகியதுபோல் பளபளக்கும். முளைத்த வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் விசிறி மாதிரி தட்டையாகச் சால் ஓடும் திசையிலேயே போகும். பிறகு பத்து நாள் மழை இல்லாவிட்டால் அந்தப் பயிர்தான் முதலில் சுருளும்.

ஸ்பிரிங்கில் ஒரு குறை உண்மைதான். மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அதிகமாக விரிந்து பாரம் கூடும், பள்ளத்தில் குறையும். பெட்டியில் விதை தீரத் தீர எடையும் குறையும். அமெரிக்க மக்காச்சோளப் பகுதிகளில் 16, 24 வரிசை இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒரே வயலில் மணல் திட்டும் களித்தரையும் மாறி மாறி வரும். இறங்கி இறங்கி ஸ்பிரிங்கை மாற்ற யாருக்கு நேரம்? அதனால் முதலில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஏர் பேக் (காற்றடைத்த பை) வந்தது. அப்புறம் வரிசைக்கு ஒரு ஹைட்ராலிக் சிலிண்டர். சக்கரத்தின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று ஒரு சென்சார் அளந்து சொல்லும். கன்ட்ரோலர் நொடிக்குள் அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். தேவைப்பட்டால் மேலே தூக்கவும் செய்யும்.

இப்போது உங்களுக்குக் காட்டிய இயந்திரத்துக்கு வருவோம். அதில் சென்சார் எங்கே, டிராக்டரில் உட்கார்ந்து பார்க்க மானிட்டர் எங்கே என்று கேட்டீர்களா? இல்லை என்றால், லிவரைத் திருகி ஒரே அழுத்தத்தில் நிறுத்தி வைக்கும் சிலிண்டர்தான் அது. ஸ்பிரிங் செய்யும் வேலையைத்தான் எண்ணெய் செய்கிறது. மண் மாறுவது அதற்குத் தெரியாது.

சென்சார் இருந்தாலும் இன்னொரு சிக்கல். 80 கிலோ ஆள் கடப்பாறையை எவ்வளவுதான் அழுத்தினாலும் 80 கிலோவுக்கு மேல் இறங்காது. அதற்கு மேல் அழுத்தினால் அவர் கால்தான் தரையைவிட்டு எழும்பும். டிராக்டர் பின்னால் தொங்கும் 4 வரிசை விதைப்பானும் அப்படித்தான். அதன் மொத்த எடை 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசைக்கு 150 கிலோவுக்கு மேல் அழுத்தினால் விதைப்பானின் இரும்புச் சட்டமே தூக்கிக்கொள்ளும். அமெரிக்க இயந்திரங்கள் பல டன் எடை, அழுத்த அங்கே பாரம் இருக்கிறது.

உங்களுக்குப் பலன் தருவது வேறு. மணிக்கு 5 கி.மீ.க்கு மேல் ஓட்டாதீர்கள். வேகம் கூடினால் வரிசை துள்ளும், எந்த ஸ்பிரிங்கும் பிடிக்காது. கட்டி இல்லாமல் உழுதிருக்க வேண்டும். 20 மீட்டர் ஓட்டி, விதைப்பான் மண்ணில் இருக்கும்போதே நிறுத்தி, டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி, ஆழச் சக்கரத்தைக் கையால் திருப்பிப் பாருங்கள். பம்பரம்போல் சுற்றினால் பாரம் போதாது. அசையவே அசையாவிட்டால் அதிகம். கை கொடுத்து இழுத்தால் முரண்டு பிடித்துக்கொண்டே நகர வேண்டும், அதுதான் சரி. அடுத்து ஒரு பழைய கத்தியால் வரிசைக்கு ஐந்து விதையைத் தோண்டி ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். டிராக்டர் டயர் மிதித்த தடத்தில் ஓடும் வரிசையை மறக்காமல் பாருங்கள், அங்கே மண் இறுகியிருப்பதால் ஸ்பிரிங்கை ஒரு புள்ளி கூட்ட வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் செலவு அரை மணி நேரம்தான்.

மானியக் கணக்கும் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வரும் இயந்திரமயமாக்கல் மானியம் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடி, பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. சிறு விவசாயி என்றால் 5 ஏக்கருக்குள். உங்களிடம் 6 இருக்கிறது. பட்டா வீட்டுக்காரம்மா பெயரில் இருந்தால் அவர் பெயரில் விண்ணப்பியுங்கள். உச்சவரம்பு இருப்பதால் விலை கூடக் கூட மானியம் கூடிக்கொண்டே போகாது, மிச்சம் உங்கள் கையிலிருந்துதான்.

கேள்வி: டிராக்டரிலேயே ஹைட்ராலிக் இருக்கிறதே, லிப்ட் லிவரை முழுசாக இறக்கினால் விதைப்பானை அழுத்தாதா?

பதில்: அழுத்தாது. நம் டிராக்டர்களின் லிப்ட் எண்ணெயால் தூக்கும், இறங்குவது பொருளின் சொந்த எடையில்தான். விதைக்கும்போது அந்த லிவரைக் கீழே விட்டுவிட்டு, விதைப்பானைத் தன் சக்கரத்தில் நடக்க விடுங்கள். பாதியில் நிறுத்திப் பிடித்தால் மேட்டுக்கு ஒரு ஆழம், பள்ளத்துக்கு ஒரு ஆழம் விழும்.

கேள்வி: போன புரட்டாசியில் வாங்கிய விதைப்பானில் ஒரு வரிசை மட்டும் மேலேயே விதைக்கிறது. மண் சரியில்லை என்று கைகழுவுகிறார் கடைக்காரர். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? விவசாயத்துக்கு வாங்கியது வியாபாரக் கணக்கில் வருமாமே?

பதில்: மூன்று வரிசை ஒழுங்காக இறங்கி, டயர் தடத்தில் ஓடாத ஒன்று மட்டும் இறங்காவிட்டால் மண் மேல் பழி போட முடியாது. அந்த வரிசையின் ஸ்பிரிங் கொக்கியையும் மற்றவை மாட்டியிருக்கும் அதே ஓட்டையில் மாட்டி, தட்டையும் சக்கரத்தையும் பக்கத்து வரிசையோடு மாற்றிப் பாருங்கள். கோளாறு கூடவே இடம் மாறினால் அந்த உதிரிதான் காரணம். மாறாவிட்டால் அந்த வரிசையின் ஸ்பிரிங்கோ இரும்புச் சட்டமோ காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு படியையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வணிக நோக்கம் பற்றிய பயம் வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவர் நுகர்வோர்தான். சொந்தக் காட்டுக்கு நீங்களே ஓட்டினால் தைரியமாகப் போகலாம். நாலு டிரைவர் வைத்து வாடகைக்கு விடுகிறவர் என்றால் எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடிக்கும். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், உங்கள் சொந்த மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கோளாறு தெரிந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள், சில சமயம் அந்த ஒரு போனிலேயே மெக்கானிக் வந்துவிடுவார்.