ஸ்பீட்மாஸ்டரா, டேடோனாவா?

கேள்வி: கொழும்புக் கோட்டையில் ஒரு வங்கியில் பணியாற்றும் நான் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். நெடுநாள் ஆசையாக ஒரு குரோனோகிராப் (பொத்தானை அழுத்திக் கால இடைவெளியை அளக்கும் வசதியுள்ள) கைக்கடிகாரம் வாங்க எண்ணியுள்ளேன். ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச், ரோலெக்ஸ் டேடோனா ஆகிய இரண்டும் மனதில் உள்ளன. என் மணிக்கட்டின் சுற்றளவு ஆறரை அங்குலம். நாள் முழுவதும் அணிய எது சுகமானது, எது அழகானது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: விட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். ஸ்பீட்மாஸ்டர் 42 மில்லிமீற்றர், டேடோனா 40 மில்லிமீற்றர் என்பது உண்மைதான். ஆனால் மெலிந்த கைக்குப் பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பது, பட்டி பூட்டப்படும் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரையிலான நீளமே. ஸ்பீட்மாஸ்டரில் இது ஏறத்தாழ 47 மில்லிமீற்றர். டேடோனாவிலும் பெரிய வேறுபாடில்லை. அந்த நீளத்துக்கு ஓர் அட்டைத்துண்டை வெட்டி மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள். அது கையின் ஓரங்களைத் தாண்டி நீளாவிட்டால் இரண்டுமே உங்களுக்குப் பொருந்தும்.

உண்மையான வேறுபாடு தடிப்பில் உள்ளது. டேடோனா சுமார் 12 மில்லிமீற்றர். ஸ்பீட்மாஸ்டர் 13-ஐச் சற்றுத் தாண்டுவதோடு அதன் கண்ணாடியும் மேல்நோக்கிக் குவிந்திருப்பதால், பொத்தானிட்ட முழுக்கைச் சட்டைக்குள் அது எளிதில் நுழையாது. கொழும்பின் புழுக்கத்தில், காலையில் தளர்வாக இருந்த உலோகப் பட்டி நண்பகலில் வியர்த்து வீங்கிய கையை இறுக்கும் தொல்லையை நீங்களும் அறிந்திருப்பீர்கள். டேடோனாவின் கொக்கியில், எந்தக் கருவியுமின்றிப் பட்டியை 5 மில்லிமீற்றர் தளர்த்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. நம் ஊருக்கு இது பெரிய வரம். மேலும், அது கையசைவில் தானே முறுக்கேறும்; 100 மீற்றர் வரை நீர் புகாது. ஸ்பீட்மாஸ்டருக்கு நீங்கள்தான் சாவி கொடுக்க வேண்டும்; அதன் நீர்த்தாங்கும் அளவு 50 மீற்றர். ஆகவே, வாங்கிய கோலத்தில் அணிவதானால் சுகத்தில் டேடோனாவே மேல்.

அழகு என்று வரும்போது என் மனம் மறுபக்கம் சாய்கிறது. 1963-இல் கார்ப் பந்தய வீரர்களுக்காக வந்த டேடோனாவின் முகத்தைச் சுற்றிப் பளபளக்கும் பீங்கான் வளையம் எந்தக் கூட்டத்திலும் கண்ணில் படும். 1957-இல் பிறந்து, 1965-இல் நாசாவின் சோதனைகளில் தேறி, 1969-இல் சந்திரனுக்குச் சென்ற ஸ்பீட்மாஸ்டரின் மினுக்கமற்ற கறுப்பு முகமோ கோட்டுக்கும் வேட்டிக்கும் ஒரே நிதானத்துடன் பொருந்துகிறது.

நான் ஸ்பீட்மாஸ்டரையே பரிந்துரைக்கிறேன். விலையிலும் அது வெகுவாகக் குறைவு. 20 மில்லிமீற்றர் அகலமுள்ள நைலோன் பட்டி ஒன்றை மாட்டிவிட்டால் எடை குறையும், வியர்வையும் விரைவில் காயும். தோற்பட்டி இங்கே சில மாதங்களிலேயே நாறத் தொடங்கிவிடும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். எஃகு டேடோனாவோ உலோகப் பட்டியுடன் மட்டுமே விற்கப்படுகிறது. ஓய்வுக்குப் பின் இறுக்கமான சட்டைக் கையும் உங்களுக்கு இராது. கடலில் குளிக்கும்போது மட்டும் கழற்றி வையுங்கள். ஈரக் கையுடன் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்தாதீர்கள்.