பார்பர்ஷாப்: செவன்த் கார்டு ஏன் ‘ரிங்’ ஆகவில்லை?

பார்பர்ஷாப் என்பது நால்வர் வாத்தியமில்லாமல் சேர்ந்து பாடும் பாணி. நான்கு குரலும் பொருந்தி மேலே இன்னொரு சுரம் ஒலிப்பதுதான் ‘ரிங்’. உங்கள் சி செவன்த் கார்டில் (சி, ஈ, ஜி, பி ஃபிளாட் நான்கும் சேர்ந்து ஒலிப்பது) ‘பி ஃபிளாட்’ பாடுபவர் இன்னும் சுமார் 31 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கணும்.

கீபோர்டில் பார்த்தால் நால்வரும் சுருதி சுத்தம், ஆனாலும் சி செவன்த் ‘ரிங்’ ஆகவில்லை என்கிறீர்கள். பெரும்பாலும் அந்தக் கீபோர்டுதான் காரணம்; அது அரைச்சுரங்களைச் சம இடைவெளியில் வைக்கிறது. இந்தக் கார்டுக்கு வேண்டியதோ நான்கு சுரங்களின் அதிர்வெண்களும் 4:5:6:7 விகிதத்தில் இருப்பது. ‘ஈ’யும் 14 சென்ட் இறங்கும், ‘ஜி’ 2 சென்ட்தான் ஏறும், கவலைப்படாதீர்கள்.

கீபோர்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். பேஸ் (கீழ்க்குரல் பாடுபவர்) ‘சி’யைப் பிடிக்கட்டும். பிறகு ‘ஜி’, ‘ஈ’, கடைசியில் ‘பி ஃபிளாட்’. எல்லோரும் ஒரே ‘ஆ’, வைப்ரேட்டோ (குரல் அசைவு) கூடாது. கடைசி ஆள் மெல்ல இறங்கும்போது ஓரிடத்தில் உரசல் அடங்கி, யாருமே பாடாத ஒரு மேல்சுரம் மிதந்து வரும். அங்கேயே நிற்கச் சொல்லுங்கள்.

அந்த ‘பி ஃபிளாட்’ லீடிடம் (மெட்டைப் பாடுபவரிடம்) இருந்தால் மெட்டை வளைக்காதீர்கள். மற்ற மூவர்தான் அவரை ஒட்டி நகரணும்.