இரவு இரண்டு மணிக்குக் கிடைக்கும் மகள்

வணக்கம் அம்மா.

பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். எட்டு மாத மகள் இரவில் நான்கைந்து முறை எழுந்து அழுகிறாள். எல்லாம் அத்தை பழக்கிவிட்ட தொட்டிலால் வந்தது. நான் வேலைக்குப் போனதும் சேலையை ஸ்பிரிங்கில் கட்டி ஆட்டிக்கொண்டே இருக்கிறார். சொன்னால், "என் பிள்ளைகள் மூன்று பேரும் இதில்தானே வளர்ந்தார்கள்" என்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை, பக்கத்தில் பிள்ளை கத்தினாலும் எழமாட்டார். கோலாலம்பூரில் சித்தி மகளின் குழந்தை ஐந்து மாதத்திலேயே தானாகத் தூங்குகிறது. அங்கே தொட்டிலே இல்லை. போன மாதம் பயிற்சிக்காக இரண்டு இரவு ஈப்போவில் தங்கினேன். பிள்ளை சிணுங்கிவிட்டுத் தானே தூங்கிவிட்டாள் என்றார் கணவர். அவருக்கு என்ன தெரியும்? பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து, பாலத்து நெரிசலைத் தாண்டி நான் வீடு சேர ஏழரை ஆகிவிடும். அப்போது அவள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். இரவில் சிணுங்கியதும் மடியில் போட்டால்தான் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், அது கிடக்கட்டும். அந்தத் தொட்டிலை எப்படி நிறுத்துவது? தனியாகத் தூங்க எப்படிப் பழக்குவது?

அன்புத் தங்கைக்கு,

"அது கிடக்கட்டும்" என்று தள்ளிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக மனமில்லை. பகல் முழுக்கக் கிடைக்காத பிள்ளை இரவு இரண்டு மணிக்கு உங்களுக்குக் கிடைக்கிறாள். தூங்க வைக்க வழி கேட்கிறீர்கள், உள்ளுக்குள் அவள் எழுவதற்காகக் காத்திருக்கிறீர்கள். 98 நாள் பிரசவ விடுப்பு முடிந்து பிள்ளையை விட்டுப் போன தாயின் ஏக்கம் இது. தப்பே இல்லை. ஆனால் அதை அத்தையின் தொட்டில்மேல் ஏற்றுவது நியாயமில்லை. நீங்கள் ஈப்போவில் இருந்த நாட்களிலும் பகலில் அதே தொட்டில்தானே ஆடியது? இரவில் பிள்ளை தானே தூங்கினாள்.

கைக்குழந்தைகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை லேசாக விழிப்பது இயல்பு. எப்படித் தூங்கினார்களோ அதையே அப்போது தேடுவார்கள். தொட்டிலில் தூங்கியவள் ஆட்டத்தைத் தேடுவாள் என்பது சரிதான். மடியில் தூங்கியவளும் மடியைத்தான் தேடுவாள். தானாகத் தூங்கப் பழகினால் நீங்கள் தேவையில்லை என்று ஆகிவிடாது. அம்மா இங்கேதான் இருக்கிறாள் என்ற தைரியம் வந்த பிள்ளைதான் அழாமல் மறுபடி கண்ணை மூடும்.

ஆகவே உங்கள் நேரத்தை நடு இரவிலிருந்து மாலைக்குக் கொண்டு வாருங்கள். ஏழரைக்கு அடுப்படி கணவருடையது, குளிப்பாட்டுவது உங்களுடையது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பால் கொடுத்து, தாலாட்டுப் பாடி, கண் சொருகும்போதே கெட்டியான மெத்தையில் தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். இரவில் சிணுங்கினால் ஓரிரு நிமிடம் பொறுங்கள். அழுகை வலுத்தால் தட்டிக்கொடுங்கள், பசியோ காய்ச்சலோ என்றால் தூக்கத்தான் வேண்டும்.

ஸ்பிரிங் தொட்டிலில் நீண்ட நேரம் தூங்க விடுவது எனக்கும் சம்மதமில்லை. அதைச் சண்டையாக ஆக்காதீர்கள். 9 மாத ஊசிக்குக் கிளினிக் போகும்போது அத்தையையும் கூட்டிப் போங்கள். தாதி சொன்னால் கேட்பார்.

பழகிய பிறகு, அவள் எழாத முதல் சில இரவுகளில் உங்களுக்குத்தான் விழிப்பு வரும். அழுகையும் வரலாம். அவளை எழுப்பிவிடாமல் பக்கத்தில் படுத்திருங்கள்.