வாசகர் கேள்வி பதில்: டின்டட் கண்ணாடி

கேள்வி: புதுக் காருக்கு டின்டட் போடப் போகிறேன். டின்டட் என்றாலே கறுப்புக் கண்ணாடிதானா? எவ்வளவு கறுப்பு போட்டால் ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிக்காது?
– வாசகர், செந்தூல்

பதில்: ‘லேசாக நிறம் ஏறிய’ என்பதுதான் டின்டட். ஆங்கிலத்தில் அது கண்ணாடிக்கு வரும் பெயரடை. ஒட்டும் படலத்துக்கு டின்ட் என்று பெயர். நம் ஊரில் படலத்தையே டின்டட் என்கிறோம். கடையில் அப்படிச் சொன்னால்தான் வேலை நடக்கும், போகட்டும். கறுப்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. படலம் ஒட்டாத பல கார்களின் கண்ணாடி விளிம்பில் இளம்பச்சை தெரியும், அதுவும் டின்டட்தான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டம் பார்ப்பது, கண்ணாடியும் படலமும் சேர்ந்து உள்ளே விடும் வெளிச்சத்தை. 2019 மே முதல் முன் கண்ணாடிக்குக் குறைந்தது 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகளுக்கு 50. அதற்குப் பின்னால் உள்ளவற்றுக்கு வரம்பில்லை. வெறும் முன் கண்ணாடியே 78 விழுக்காடுதான் விடுகிறது என்று வையுங்கள். அதன்மேல் ‘70’ படலம், அதாவது 70 விழுக்காடு வெளிச்சம் விடும் படலம், ஒட்டினால் இரண்டும் பெருகி 55க்கு இறங்கிவிடும். ‘90’ ஒட்டினால்தான் 70 தேறும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பும் பின்பும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கறுப்பு கூடினால் சூடு குறையும் என்பதும் சரியில்லை. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். நல்ல செராமிக் படலம் வெளிச்சத்தை உள்ளே விட்டு, அந்தக் கதிரை மறிக்கும். மலிவான சாயப் படலம் இருட்டாக்குவதோடு சரி, நாளடைவில் ஊதா நிறமாகவும் வெளிறும். கடையில் படலத்தின் ஒரு பக்கம் விளக்கைப் போட்டு, மறுபக்கம் கையை வைத்துச் சூட்டைப் பார்க்கச் சொல்வார்கள். அதில் மயங்காமல், மொத்தச் சூரிய ஆற்றலில் எத்தனை விழுக்காடு தடுக்கிறது என்று கேளுங்கள். உலோகம் கலந்த படலம் வேண்டாம். முன் கண்ணாடியில் ஒட்டிய ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கரை டோலில் படிக்க விடாமல் செய்யக்கூடும்.

கேள்வி: டின்டட் ஒட்டி மூன்று நாள் ஆகிறது. சின்னச் சின்னக் கொப்புளங்கள். திரும்பக் கொண்டு போகவா?
– வாசகி, ஜெலுத்தோங்

பதில்: பொறுங்கள். உள்ளே தங்கிய நீராக இருந்தால் வெயிலில் இரண்டு, மூன்று வாரத்தில் வற்றிவிடும். முதல் சில நாள் கண்ணாடியை இறக்காதீர்கள், விளிம்பு சுருண்டுவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எப்போதுமே ஆகாது. விரலுக்குக் கரடாகத் தட்டுப்படும் புள்ளி மட்டும் தூசி. அது போகாது, கடையில் மாற்றிக் கேளுங்கள்.