வழியில் போலீஸ் எடுத்த ரொக்கம்: அமெரிக்க சிவில் பறிமுதல், கேள்வி பதில்

அமெரிக்க நெடுஞ்சாலையில் காரை நிறுத்தும் போலீஸ், கைது செய்யாமலே, குற்றம் சாட்டாமலே, 'போதைப்பொருள் பணம் என்று சந்தேகம்' எனச் சொல்லி உள்ளே இருக்கும் ரொக்கத்தை எடுத்துக்கொள்ள முடியும். வழக்கு ஆள் மேல் அல்ல, பணத்தின் மேல். அதுபற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்.

டாலஸ்: காரில் எவ்வளவு ரொக்கம் கொண்டுபோகலாம்? 10,000 டாலர்தானே வரம்பு?

நாட்டுக்குள் வரம்பே கிடையாது. நாட்டை விட்டு வெளியே போகும்போதோ உள்ளே வரும்போதோ 10,000-க்கு மேல் இருந்தால் ஃபின்சென் 105 என்ற அரசுப் படிவம் கொடுக்க வேண்டும். பேங்கில் ஒரே நாளில் அதற்கு மேல் ரொக்கம் போட்டாலும் எடுத்தாலும் பேங்க் அரசுக்கு அறிக்கை அனுப்பும். அந்த எண் அறிக்கை கொடுப்பதற்குத்தான், கொண்டுபோவதற்கு வரம்பு அல்ல. அறிக்கைக்குப் பயந்து ஒன்பதாயிரம் ஒன்பதாயிரமாகப் பிரித்து எடுக்காதீர்கள். பணம் சுத்தமாக இருந்தாலும், அறிக்கையைத் தவிர்க்கப் பிரிப்பது தனிக் குற்றம்.

ஹூஸ்டன்: போலீஸ் 'காரில் பணம் இருக்கிறதா?' என்று கேட்டால் என்ன சொல்வது?

பொய் சொல்லக் கூடாது. பதில் சொல்ல விருப்பமில்லை என்று சொல்லலாம். இந்த வித்தியாசம் ஒரு வழக்கின் தலைவிதியையே மாற்றியிருக்கிறது. நெப்ராஸ்காவில் ஐ-80 சாலையில் ஒருவரிடம் 124,700 டாலர் சிக்கியது. போதைப்பொருள் எதுவும் கிடைக்கவில்லை. லாரி வாங்கத்தான் பணம் என்றார், கீழ்க்கோர்ட் நம்பியது. ஆனால் முதலில் கேட்டபோது பணம் இல்லை என்று சொல்லியிருந்தார். கூலர் பெட்டிக்குள் கட்டுக்கட்டாகச் சுற்றி வைத்திருந்தார். 2006-இல் எட்டாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட் (சில மாநிலங்களுக்குச் சேர்த்து ஒன்றாக இருக்கும் மத்திய அப்பீல் கோர்ட்) இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து அரசுக்கே தீர்ப்பளித்தது.

காரைச் சோதிக்கலாமா என்றால் "சம்மதமில்லை" என்று தெளிவாக, மரியாதையாகச் சொல்லுங்கள். மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். பணத்தை எடுத்தால் ரசீது கேளுங்கள். எண்ணாமல் பையில் போட்டு 'தொகை நிர்ணயிக்கப்படாத ரொக்கம்' என்று எழுதித் தந்தால், உங்கள் கணக்குப்படி எவ்வளவு என்பதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். எடுப்பது மாநில போலீஸா, டிஇஏ (மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பு) போன்ற மத்திய அமைப்பா, கேஸ் எண் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

'பணம் என்னுடையதல்ல, உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்ற படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் உடனே விட்டுவிடுகிறோம் என்பார்கள். டெக்ஸாஸில் பறிமுதல் செய்யும் இடத்திலேயே இப்படிக் கையெழுத்து கேட்பதை 2011-இலேயே சட்டம் தடைசெய்துவிட்டது.

எடிசன்: பணம் போய்விட்டது. அடுத்து?

தோற்பவர்களில் பலர் கோர்ட்டில் தோற்பதில்லை, தபால்பெட்டியில் தோற்கிறார்கள்.

2000-இல் வந்த மத்தியச் சட்டப்படி, மத்திய அமைப்பு எடுத்திருந்தால் பொதுவாக 60 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உள்ளூர் போலீஸ் எடுத்து மத்திய அமைப்பிடம் ஒப்படைத்திருந்தால் 90 நாள். உள்ளூர்க்காரர்கள் ஏன் ஒப்படைக்கிறார்கள்? வரும்படியில் 80 சதவீதம் வரை அவர்களுக்குத் திரும்பி வரும்.

கிளெய்ம், அதாவது 'பணம் என்னுடையது' என்ற உரிமைக் கோரிக்கை, போடக் கடைசி நாள் நோட்டீஸிலேயே இருக்கும். கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து குறைந்தது 35 நாள் தருவார்கள். உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல. அந்த நாளுக்குள் கிளெய்ம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். எந்தப் பணம், உங்களுக்கு என்ன உரிமை என்று எழுதி, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற உறுதிமொழியோடு நீங்களே கையெழுத்திட வேண்டும். கட்டணமோ டெபாசிட்டோ கிடையாது.

அதே நோட்டீஸில் 'ரெமிஷன் மனு' என்று இன்னொரு வழியும் இருக்கும். பார்க்க எளிதாக இருக்கும். அதை மட்டும் போட்டால், எடுத்த அமைப்பே உட்கார்ந்து இரக்கம் காட்டலாமா என்று முடிவுசெய்யும், நீதிபதி முன் விஷயம் போகவே போகாது. கிளெய்ம் போட்டால் 90 நாளுக்குள் அரசு கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். வழக்குப் போட்டால் கோர்ட்டிலும் தனியாகக் கிளெய்ம் போட வேண்டும், அதிலிருந்து 21 நாளில் பதிலுரை. முதல் கிளெய்மே போதும் என்று இருந்துவிட்டுக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

ஆஸ்டின்: நகை வாங்க 15,000 கொண்டுபோகலாமா?

முதல் பதிலைப் பாருங்கள். பேங்க் ஸ்லிப்பைக் கூடவே வைத்திருங்கள்.

சான் ஹோசே: எல்லா டாலர் நோட்டிலும் கொக்கெய்ன் துகள் இருக்கிறதே! மோப்ப நாய் குரைத்தது என்பதெல்லாம் ஒரு சாட்சியா?

ஒன்பதாவது சர்க்யூட் 1994-இல் கிட்டத்தட்ட உங்கள் வாதத்தைத்தான் ஏற்றது. ஏழாவது சர்க்யூட் 2005-இல் ஏற்கவில்லை. நாய் முகர்வது கொக்கெய்னை அல்ல, அதிலிருந்து கிளம்பும் மெத்தில் பென்சோயேட் வாசனையை. அது சீக்கிரம் ஆவியாகிவிடும், ஆகவே பழைய கறைக்கு நாய் அசையாது என்றார்கள்.

மறுபடியும் சான் ஹோசே: அது சோதனைக்கூடக் கதை. நாய், பயிற்சியாளர் முகத்தைப் பார்த்தே 'வாசனை இருக்கிறது' என்று உட்கார்ந்து காட்டும்.

சில நாய்கள் அப்படித்தான். ஆனால் கோர்ட்டில் 'நாய் பொய்' என்றால் எடுபடாது. பயிற்சிப் பதிவேட்டைக் கேளுங்கள். புழக்கத்தில் இருந்த சாதாரண நோட்டுக்கட்டை வைத்து, அதற்கு உட்காராமல் இருக்கப் பழக்கினார்களா? முகரவிட்டபோது வெற்று உறைகளும் வைத்தார்களா, இல்லை உங்கள் பை மட்டும்தானா?

சிகாகோ: நாய் வாதமே வீண். நேரத்தைப் பிடியுங்கள்.

சரியான பிடி. சாலை நிறுத்தம் முடிவதற்குள் நாய் சுற்றி வந்தால் அது சோதனையே அல்ல என்று 2005-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆனால் போக்குவரத்து அபராத டிக்கெட் வேலை முடிந்த பிறகு, நியாயமான சந்தேகம் இல்லாமல், நாய்க்காக நிறுத்திவைக்கக் கூடாது என்று 2015-இல் ரோட்ரிகஸ் வழக்கில் சொன்னது. அதில் தாமதம் ஏழெட்டு நிமிடம்தான். எனவே உடல் கேமரா, கார் கேமரா, டிஸ்பாட்ச் (போலீஸ் கட்டுப்பாட்டு அறை) பதிவு மூன்றையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி முதல் வாரத்திலேயே கடிதம் அனுப்புங்கள். நோட்டுகளையும் அப்படியே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பேங்கில் கட்டிவிட்டால் பிறகு எதையும் பரிசோதிக்க முடியாது. நாய் போதும், அடுத்தது.

அட்லாண்டா: சீட்டுப் பணம். மச்சானிடம் கடனாகக் கொடுத்தேன், அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நான் கிளெய்ம் போடலாமா?

கடனாகக் கொடுத்திருந்தால் அது இப்போது அவர் பணம், நீங்கள் வெறும் கடன் கொடுத்தவர். அவர்தான் போட வேண்டும். உங்களுக்காக எடுத்துச் சென்றார் என்றால் நீங்கள் போட வேண்டும். எது உண்மையோ அதை மட்டும் எழுதுங்கள், அது சத்தியப் பத்திரம். சீட்டுக்குத் தேதிவாரியாக யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியல், வாட்ஸப் செய்தி, பேங்க் பரிமாற்றம் எல்லாம் இணையுங்கள். பட்டியலே இல்லாத சீட்டு மிகவும் பலவீனமான நிலை.

பீனிக்ஸ்: வக்கீல் வேண்டுமா?

5,000 டாலருக்கு வக்கீல் கட்டுப்படி ஆகாது, அதனால்தான் சிறு தொகைகள் அப்படியே போகின்றன. ரொக்கத்துக்காக அரசு வக்கீல் தராது. மத்திய வழக்கில் ஜெயித்தால் வக்கீல் செலவை அரசு தர வேண்டும். 'பாதியை எடுத்துக்கொள்' என்று சமரசத்துக்கு வந்தால் அந்தச் செலவை அரசு தராது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஒஹாயோ: எந்த மாநிலத்தில் இது இல்லை?

நியூ மெக்ஸிகோ 2015-இல் ஒழித்தது, நெப்ராஸ்கா 2016, மெய்ன் 2021.

சென்னை: தேர்தல் நேரத்தில் 50,000 ரூபாய்...

அது வேறு நாடு, வேறு விதி. இங்கே வேண்டாம்.

டாம்பா: 10,000-க்குக் குறைவாக இருந்தால் தொட மாட்டார்கள்தானே?

தொடுவார்கள். முதல் பதில்.

ஷார்லட்: டிஇஏ கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பயத்தில் பிரிக்கவே இல்லை.

இப்போதே பிரியுங்கள். கடைசி நாள் உள்ளே அச்சடித்திருக்கும். நாளையே என்றாலும் ஃபர்ஃபீச்சர்.கவ் (forfeiture.gov) என்ற அரசுத் தளத்தில் கிளெய்மை இணையத்திலேயே போடலாம். ரெமிஷன் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.